பேச்சு நின்ற இடங்கள்

திரையில் பேச்சு நின்றால் ருக்மணி பேச வேண்டும். ஆறு வருடமாக அதுதான் ஏற்பாடு.

"மழை கொட்டுது அக்கா. அவ தனியா நடந்து வர்றா. கால்ல செருப்புகூட இல்ல" என்று அஞ்சலையின் காதோரம் குனிந்து சொன்னாள்.

அஞ்சலைக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. புதன்கிழமை பகல் ஆட்டத்துக்குக் காஜா பெராங்கிலிருந்து மூன்று சக்கரப் பெச்சா பிடித்து டவுனுக்கு அழைத்து வருவது பக்கத்து வீட்டு ருக்மணிதான். கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பாள். கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைப்பாள்.

கூடப்பிறந்தவள்கூட இவ்வளவு செய்யமாட்டாள் என்று தெருப் பெண்கள் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் ருக்மணி வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

இந்தப் படத்துக்கு அவள் வந்திருக்கக்கூடாது.

ஐம்பத்தேழாம் வருடம், இந்த நாட்டுக்கும் விடுதலை வந்து மூன்று வாரம் ஆகிறது. வாசலில் கட்டிய கொடித்தோரணத்தைக் கொட்டகைக்காரர்கள் இன்னும் அவிழ்க்கவில்லை. அதற்குக் கீழே ஒட்டியிருந்த சுவரொட்டியில் ஒரு நடனக்காரிதான் இருந்தாள். கதை இப்படிப் போகும் என்று யார் கண்டது?

படத்தில் ஒரு தங்கை. தன் புருஷனைக் காப்பாற்ற அக்காள் புருஷன்மேல் பொய்ச்சாட்சி சொல்லிவிடுகிறாள். அவன் சிறையிலேயே செத்துப்போகிறான். அதற்குப் பிறகு அவள் எங்கே போனாலும் திரையில் அக்காள் வீட்டு வாசல் வந்துவிடுகிறது. கோலமில்லாத வாசல், சாத்திய கதவு. அவள் சோற்றில் கை வைக்கும்போது வருகிறது. பிள்ளையைத் தூங்க வைக்கும்போது வருகிறது. கோயிலில் கண்ணை மூடினாலும் வருகிறது.

அதன் அர்த்தத்தை யாரும் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கதவு வந்தபோதெல்லாம் முன்வரிசைப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

ருக்மணி அந்தக் கதவைப் பற்றி அஞ்சலையிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "சும்மா வீட்டக் காட்டுறான்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் ஆள் கணக்கெழுதும் ஒரு கிராணியும் இரண்டு சிப்பாய்களும் ருக்மணியின் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே பரணில் அவள் புருஷன் கலியாணசுந்தரம் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்.

எங்கள் வீட்டில் யாருமில்லை, பக்கத்து வீட்டில் ஓர் ஆம்பிளை இருக்கிறார் என்று அவள் சொன்னாள்.

அங்கே அஞ்சலையின் புருஷன் நல்லையா காய்ச்சலில் படுத்திருந்தார். அஞ்சலை அரிசிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்ததாகப் பிறகு சொன்னாள். திரும்பி வந்தபோது பாய் மட்டும்தான் கிடந்ததாம்.

நல்லையா சயாமிலிருந்து திரும்பவில்லை. பதினான்கு வருடம் ஓடிவிட்டது. கலியாணசுந்தரம் இன்றும் வேலைக்குப் போய் வருகிறார். அந்தக் காலையைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சில நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் தலையை நிமிர்த்திப் பரணைப் பார்ப்பார். பிறகு சோறு இறங்காது.

திரையில் தங்கை அந்த வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். நனைந்த கையால் தட்டினாள். கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை.

கதவு அசைந்தது.

அஞ்சலை ருக்மணியின் முழங்கையைத் தொட்டாள். "என்னா ஆச்சு?"

"தெறக்கல அக்கா. தட்டித் தட்டிப் பாத்துட்டு அவ திரும்பிப் போயிட்டா."

வாத்தியங்கள் ஓங்கி அடங்கின. விளக்குகள் எரிந்தன. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அஞ்சலை மட்டும் எழுந்திருக்கவில்லை.

"தாழ்ப்பாள் விலகுற சத்தம் கேட்டுச்சே, ருக்கு."

ருக்மணி அவளை எழுப்பக் கையை நீட்டினாள்.

"கண்ணுதான் போச்சு எனக்கு. காது எப்பவும் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு நான் அரிசிக்குப் போகல. பின்னால குளிக்கிற எடத்துல இருந்தேன். நீ அவங்ககிட்ட சொன்னது பலகைச் செவுத்தத் தாண்டிக் கேட்டுச்சு." மடியில் இருந்த பொட்டலத்தை அவள் மெதுவாக மடித்தாள். "நானும் பயந்துக்கிட்டு வெளிய வரல."

பதினான்கு வருடமும் அஞ்சலைக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்திருக்கிறாள். தெரிந்தே இந்தக் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.

கொட்டகை கூட்டுகிறவர் முன்வரிசையிலிருந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டே வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. கதவு தெறந்த பெறகு அக்காக்காரி அவள உள்ள கூப்புட்டாளா? அதுக்குத்தான் சத்தமே வரல."

ருக்மணி வெறும் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

கதவு அசைந்ததுமே, உள்ளேயிருந்து வரப்போகும் முகத்தைப் பார்க்கத் துணியாமல், விளக்கு எரியும்வரை அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.