அவர் உழுத வயலில் ஒரு மண்டபம்

இரங்கல் கூட்ட மேடையில், கட்சித் தலைவருக்கும் மந்திரிக்கும் நடுவே இருதலைக்கொள்ளி எறும்பாக உட்கார்ந்திருந்தாள், மறைந்த சட்டமன்ற உறுப்பினரின் மனைவி.

"கடைசி வரைக்கும் விவசாயியாவே வாழ்ந்த அண்ணனுக்கு, அவர் உழுத வயல்லயே பெரிய நினைவு மண்டபம் கட்டப்போறோம்," என்று தலைவர் அறிவித்தார். கைதட்டல் அடங்க நேரமானது.

அந்த வயலில் இப்போது கதிர் பால் பிடித்திருந்தது. பயிர் வைத்திருந்தவள் மறைந்தவரின் மகள். முதல் வரிசையில் அவள் முகம் வெளிறிப்போனது.

"வயல் மட்டும் வேணாம்னு நேத்தே கெஞ்சினேனே, தம்பி," என்றாள் மனைவி மெதுவாக.

"இவ்வளவு சனம் பாக்குது, அண்ணி. இப்ப மறுத்தா அண்ணனையே அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும். நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காருங்க," என்று தலைவர் மைக்கை நீட்டினார்.

அதை வாங்கிக்கொண்டு அவள் எழுந்தாள்.

"எல்லாருக்கும் நன்றி. ஆனா அங்க மண்டபம் கட்டினா உங்களை ஜெயில்ல போட்டுடுவாங்க, தம்பி. விளையற நிலத்துல கட்டடம் கட்டக் கூடாதுன்னு அவர்தானே சட்டசபையில மல்லுக்கட்டி ஒரு சட்டம் கொண்டுவந்தார்? அதுக்கு நீங்களும்தான் கை தூக்கினீங்க."

கூட்டம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது. வேறு வழியில்லாமல் தலைவரும் தட்டினார்.