எந்தக் கேமரா?

கணவருக்குப் பழைய டிஜிட்டல் கேமராக்கள் என்றால் உயிர். தன்னிடமிருந்த ஏழிலும் எதிர்வீட்டு மாடியைப் படமெடுத்து, அந்தப் படங்களை மனைவி முன் பரப்பினார்.

"இன்னைக்கு எது, சொல்லு?"

"போன வாரம் மூணாவது கேமரா. ஒரே புள்ளி புள்ளியா..."

"உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையாக்கா?" என்று சிரித்தாள், வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி.

மனைவி நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். ஆபரேஷன் செய்த கண்ணால் ஜன்னல் வழியே அந்த மாடியைப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு எந்தக் கேமராவின் படம்போலத் தெரிகிறது என்று வாராவாரம் இப்படித்தான் ஒப்பிட்டார்கள். பிறகு கையை எடுத்துவிட்டுப் படங்களைப் பார்த்தாள்.

"இதுல எதுவுமே இல்லைங்க."

அவர் சட்டென்று அவள் பக்கம் குனிந்தார். "மறுபடியும் மங்கிடுச்சா?"

"மாடிக் கம்பியெல்லாம் ஒண்ணொண்ணா எண்ண முடியுது. உங்க கேமரா எதுலயாவது எண்ண முடியுதா?"

ஏழும் தோற்றுப்போன சந்தோஷத்தில் அவரும் ஜன்னலருகே போய்க் கம்பிகளை எண்ணத் தொடங்கினார்.