ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்

"பெஞ்சு முதுகுல விளம்பரமா? அதுவும் சபை கொடுக்கிற பெஞ்சுல?"

போதகர் இப்படிக் கேட்டதுதான் தாமதம், கமிட்டியில் இருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

விஷயம் இதுதான். கிராமப் பள்ளிக்கூடங்களுக்குச் சபையார் வருஷா வருஷம் பெஞ்சு அனுப்புவார்கள். யார் கொடுத்தார்களோ அவர் பெயரைப் பெயிண்டர் பெஞ்சின் முதுகில் எழுதிவிடுவார். இந்த வருஷம் முப்பது பெஞ்சு கொடுத்த ஆணிக்கடைக்காரர், என்ன எழுத வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். கடைப் பெயர், தெரு, போன் நம்பர். அதற்குக் கீழே, 'ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்.'

அந்தக் கடைசி வரிதான் எல்லோருக்கும் சுருக்கென்று தைத்தது. மனுஷன் ஆராதனைக்கு வந்தே வருஷக்கணக்காகிறது. ஓய்வு நாளில் கடையைத் திறந்து வைப்பதும் இல்லாமல், அதை ஊர் ஊராகத் தம்பட்டம் வேறு அடிக்க வேண்டுமா?

போதாததற்கு ஒரு நிபந்தனை வேறு. முப்பது பெஞ்சும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாதாம். முப்பது பள்ளிக்கு ஒன்று ஒன்றாகப் போக வேண்டுமாம்.

"முப்பது ஊர்ல ஓசியில போர்டு வைக்கப் பார்க்கிறார். விவரமான ஆளு," என்றார் மூப்பர் ஒருவர்.

செக்ரட்டரி அம்மாவுக்குக் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். அந்தப் பள்ளிகளை நேரில் பார்த்துவிட்டு வந்தவர் அவர். சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பிள்ளைகள் எழுதுவது இன்னும் அவர் கண்ணிலேயே நின்றது. மனுஷன் முறுக்கிக்கொண்டு பெஞ்சுகளைத் திருப்பிக் கேட்டுவிட்டால் அதுகள் இன்னும் ஒரு வருஷம் தரையில்தான் கிடக்க வேண்டும்.

ஆனால் கமிட்டி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டது. பெயர் போடலாம், மற்றது கிடையாது. அதைப் போய்ச் சொல்லும் வேலை வழக்கம்போல செக்ரட்டரி அம்மா தலையில் விழுந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கிளம்பிப் போனார். தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. ஒரே ஒரு கடை மட்டும் திறந்திருந்தது. ஆணிப் பெட்டிகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவே ஆணிக்கடைக்காரர் தன்னந்தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி இறந்ததிலிருந்து அவர் கைச் சமையல்தான்.

அவசரமாகக் கை கழுவிவிட்டு வந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். செக்ரட்டரி அம்மா சுற்றி வளைத்துப் பேசினார். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார், போதகரின் வருத்தத்தைச் சொன்னார். அவரோ காதை இங்கே கொடுத்துவிட்டுக் கண்ணைத் தெருவிலேயே வைத்திருந்தார். வியாபாரத்தில் இவ்வளவு ஆசையா என்று அம்மாவுக்கு அலுப்பாக இருந்தது.

"காலையிலேர்ந்து எத்தனை பேர் பிரதர் வந்தாங்க?"

"நீங்கதான் முதல் ஆள்," என்று சிரித்தார். "போன வாரம் அதுவும் இல்ல."

"அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்? அந்த ஒரு வரியை விட்டுடுங்களேன்."

"போன் நம்பரை வேணா எடுத்துடுங்க. அந்த வரி இருக்கட்டும்மா."

செக்ரட்டரி அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "பிள்ளைங்க தரையில கிடக்குதுங்க. உங்களுக்கு விளம்பரம்தான் பெரிசாப் போச்சா?"

அவர் கல்லாமேல் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். கடைசி ஆணியும் போன பிறகுதான் வாய் திறந்தார்.

ஒரே மகள். ஏழு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். இனிமேல் இந்த வாசப்படியை மிதிக்காதே என்றார் இவர். அவளும் மிதிக்கவில்லை. தாய் இறந்தபோதுகூட அவளுக்குச் சொல்லி அனுப்பவிடாமல் தடுத்தவர் இவர்தான். இப்போது அவள் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாளாம். அவளைப் பார்த்துவிட்டு வந்த உறவுக்காரரிடம் எந்த ஊர் என்று கெஞ்சிக் கேட்டும் பார்த்துவிட்டார். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

"தேடிக்கிட்டுப் போனா, வேலையை விட்டுட்டு இன்னும் தூரமாப் போயிடுவாளோன்னு பயமா இருக்கு. மன்னிச்சிடு, வீட்டுக்கு வான்னு பெஞ்சுல எழுதினா பிள்ளைங்க எழுத்துக்கூட்டிப் படிச்சுச் சிரிக்கும். அவளுக்குத்தான் அவமானம்."

வாரம் தவறாமல் முன்வரிசையில் உட்கார்ந்து, வராதவர்களை எண்ணிக்கொண்டிருந்ததை நினைக்கவே செக்ரட்டரி அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது.

"முப்பதுல ஏதாவது ஒண்ணு அவ கண்ணுல படாதாம்மா? டீச்சருக்கு ஞாயிறு ஒரு நாள்தானே லீவு. வந்து பார்த்தா கதவு சாத்தியிருக்கக் கூடாதில்ல."

செக்ரட்டரி அம்மா எழுந்தார்.

"எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதச் சொல்லட்டுமா அண்ணே?"