பதினான்கு தென்னைகள்

ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஆறரைக்கே வந்துவிட்டார்கள்.

அவள் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

மூன்று பேர். ஒரு ரம்பம். இரண்டு கேன் பெட்ரோல். மஞ்சள் நோய் கண்ட தென்னைகளை வெட்டிக் கொளுத்தும் அரசாங்க ஆட்கள்.

மொசாம்பிக்கில், ஸாம்பேசியாவின் இந்தக் கரை முழுக்க ஒருகாலத்தில் தென்னைதான். போர்த்துகீசியக் கம்பெனியின் தென்னை. அவள் மாமனார் அதில் கூலிக்கு ஏறியவர். கூலிகள் மரவள்ளி நட்டுக்கொள்ளலாம். நெல் விதைக்கலாம்.

தென்னை நடக்கூடாது.

மரம் நட்டவனுக்கு நிலம் என்பது இங்கே வழக்கம். கம்பெனிக்கும் அது தெரியும்.

கம்பெனி போனது. போர் வந்தது. போர் முடிந்த வருடம் அவள் கணவன் நிலத்தின் கிழக்கு ஓரத்தில் பதினான்கு கன்றுகள் நட்டான். அவன் இறந்த பிறகும் அவை நின்றன.

அவளிடம் காகிதம் ஏதும் இல்லை.

வியாழக்கிழமை நில அலுவலகத்திலிருந்து வருகிறார்கள். நெல் பயிரிட வந்திருக்கும் புதுக் கம்பெனிக்காரர்களும் கூட வருகிறார்கள். யார் நிலம் என்று கேட்பார்கள். மரங்களைக் காட்டலாம் என்றிருந்தாள்.

இன்று திங்கள்.

"வியாழன் போகட்டும். வெள்ளிக்கிழமை நானே வெட்டித் தரேன்."

ரம்பக்காரன் அண்ணாந்து பார்த்தான். "குருத்தையே காணோம். இது மரமா, தந்திக்கம்பமா?"

மேஸ்திரி சிரிக்கவில்லை. தாளை நீட்டினார்.

"நீங்க கைநாட்டு வைக்கலைன்னா தொடமாட்டோம்மா. ஆனா இந்தப் பக்கம் மறுபடி வர ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதம். அவளுக்கு மூன்று நாள் போதும்.

அப்போதுதான் ஜுலியேத்தா மரவரிசையைத் தாண்டி வந்தாள். பக்கத்து நிலத்துக்காரி. அவளுடைய முப்பது மரங்களும் இன்னும் பச்சையாக இருந்தன. அந்தக் கொப்பரையில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

போரின்போது இருவரும் ஒரே அலையாத்திக் காட்டில் ஒளிந்திருந்தார்கள். ஜுலியேத்தாவின் மூத்தவன் அந்தச் சேற்றில்தான் பிறந்தான். தொப்புள்கொடியை அறுத்தது இவள்.

"ஒரு மாசம்னா நோயைத் தூக்கிக்கிட்டுப் பூச்சி என் பக்கம் வந்துரும்க்கா."



இவள் தன் மரங்களைப் பார்த்தாள். ஜுலியேத்தாவின் மரங்களைப் பார்த்தாள்.

துடைப்பத்தைக் கீழே வைத்தாள். கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.

முதல் மரம் விழுந்தபோது தரை அதிர்ந்தது. ஏழாவதற்குப் பிறகு அவள் பார்க்கவில்லை.

நண்பகலில் வெட்டிய மரங்கள் எரிந்துகொண்டிருந்தன. பொழுது சாய்வதற்குள் அடிக்கட்டைகளையும் தோண்டி எடுத்துத் தீயில் போட்டார்கள். குழிகளை மண் தள்ளி மூடினார்கள். விதி அப்படி என்றார் மேஸ்திரி.

ஆட்கள் போனார்கள்.

கடல் தெரிந்தது. இங்கிருந்து அது தெரியும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

இரண்டு நிலங்களுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. ஒரே மண். ஒரே சாம்பல்.

ஜுலியேத்தா அந்த வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரங்கள் நின்ற இடத்திலிருந்து நாலு அடி இந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"ஜுலியேத்தா, வியாழக்கிழமை நீ வந்து சொல்லுவேல்ல, எதுவரைக்கும் என்னோடதுன்னு?"