இரண்டு பேர் வேண்டும்

மாலை நாலரை மணி. உப்பளத்து வீட்டின் மேற்குச் சன்னல் வெயில், பக்கவாதத்தில் கிடக்கும் சவரிநாதனின் முகத்தில் விழுகிறது. காலையிலிருந்து ஒரே பக்கமாகப் படுத்திருக்கிறார். முதுகுப் புண் ஈரமான விரிப்பில் ஒட்டியிருக்கிறது. அவரைத் திருப்பிப் போட இரண்டு பேர் வேண்டும். மனைவி ஆரோக்கியம் தனியாள். மரியாயின் சேனை என்ற பக்தி சபையிலிருந்து அவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழங்களோடு வந்த அமலோற்பவமும் செலினும் நாற்காலியில் கண்மூடிச் செபமாலை சொல்கிறார்கள். செபமாலையின் ஐந்து பத்துமணிகளில் இரண்டாவது முடிகிறது. ஆரோக்கியம் மாற்று விரிப்போடு எழுகிறாள். “உக்காருடி, மாதா பாத்துப்பா,” என்று அமலோற்பவம் மூன்றாவதைத் தொடங்குகிறாள். செலினின் கைப்பேசி அடிக்கிறது. அவள் ஒரு கண்ணைத் திறந்து அதை அணைக்கிறாள். சவரிநாதன் பல்லைக் கடிக்கிறார். ஆரோக்கியம் உட்காராமல் சொல்கிறாள்: “செபம் எங்கயும் ஓடிப்போவாதுக்கா. மொதல்ல எழுந்து வந்து இவரு காலப் புடிங்க.”