இருபத்தைந்தைத் தொடும் கார்

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரியின் பின்னால் ரெய்மண்டின் கார் ஒட்டிக்கொண்டே போகிறது. லோரி காற்றைத் தடுத்துக் கொடுத்தால் பெட்ரோல் மிச்சமாம். ஏர்கோன் போடக்கூடாது, கண்ணாடியும் இறக்கக்கூடாது. அது அவருடைய விஞ்ஞானம். அக்கா மகள் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மனைவி மேகியின் பவுடர் கழுத்தில் கோடு கோடாய் வழிகிறது. லிட்டருக்கு 24.9 கிலோமீட்டர் என்கிறது மீட்டர். இருபத்தைந்து வந்தால், குடும்ப வாட்ஸ்அப்பில் தன் கார் மைலேஜைப் பீற்றிக்கொண்ட மச்சான் ராஃபேல் தோற்றான்! "சர்ச்சுல மோதிரமே மாத்தியிருப்பாங்க லா!" என்கிறாள் மேகி. "பேசாத, ஆக்சிலேட்டர்ல காலு அழுந்திடும்!" லோரி சட்டென்று திரும்புகிறது, காரும் கூடவே திரும்புகிறது. 25.0! ரெய்மண்ட் ஸ்டீரிங்கைத் தட்டிக் கூவுகிறார். கார் நிற்பது செம்பனை ஆலையின் எடைமேடையில். எடைக் கணக்கு எழுதும் கிராணி ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறார்: "அண்ணே, பழம் எங்க?"