ஒன்றரை மணி நேரம்

‘மருத்துவர் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்.’

வார்டின் மூத்த நர்ஸான பெரியக்கா, கேள்வித்தாளில் ஒன்று என்ற எண்ணைச் சுழித்தாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழியப் பார்த்தது.

ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை. ஐந்து என்றால் எப்போதும். நர்சுகள் மற்றவர்களோடு எவ்வளவு ஒத்துப்போய் வேலை செய்கிறார்கள் என்று அளக்க வந்திருந்தவள், தாள்களை வாங்கிக்கொள்ளப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அளப்பதற்கு நல்ல வாரம் பார்த்துத்தான் வந்திருந்தாள்.

திங்கட்கிழமை ஒன்பதாம் படுக்கைப் பெரியவருக்கு மூச்சு முட்டியது. பதினொன்றரைக்குப் பெரியக்கா டாக்டருக்கு போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, வருகிறேன் என்றவர் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

பெரியவர் இப்போது செயற்கைச் சுவாசத்தில் கிடக்கிறார். டாக்டர் வரத் தாமதமானது பற்றி நாளைக் காலை விசாரணை.

வார்டே டாக்டரைக் கரித்துக்கொட்டியது. நீங்கள் மட்டும் விடாமல் கூப்பிடாவிட்டால் பெரியவர் கதை அன்றைக்கே முடிந்திருக்கும் என்று ஆயாக்கள் பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வரிக்கும் ஒன்று. அதற்கடுத்ததற்கும் ஒன்று.

பத்தொன்பதாவது வரியில் பேனா நின்றது.

‘மற்ற பணியாளர்கள் நோயாளியைப் பற்றிச் சொல்வதை நான் உடனே கவனிக்கிறேன்.’

நான்.

எதிரில், நோயாளிகளை எழுப்பி நடக்கவைக்கும் பிசியோதெரபி பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் பெரியக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரியக்காவும் அவள் நிற்கும் பக்கம் போகவில்லை.

இவள் என்ன எழுதுகிறாள்?



அந்தப் பெண் எழுந்தாள். “அக்கா, இத அவங்ககிட்ட குடுத்துடுறீங்களா?”

தாளைக் கவிழ்த்துத் தரவில்லை.

கை மாறிய நொடியில் பெரியக்கா பார்த்துவிட்டாள். ‘நர்ஸ் நான் சொல்வதைக் கேட்கிறார்.’ ஐந்து. ஒரு தடவைகூட அடித்துத் திருத்தாத, உருண்டையான வட்டம்.

நியாயமாகப் பார்த்தால் பெரியக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்திருக்க வேண்டும். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தாளை நீட்டிய அந்த விரல்கள் நடுங்கியதையும் அவள் பார்த்துவிட்டாள்.

தன்னைக் கண்டு நடுங்கும் விரல்கள்.

தாளை அளக்க வந்தவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்தப் பெண் கதவருகே போய்விட்டிருந்தாள்.

“நில்லும்மா.”

அளக்க வந்தவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

“நாளைக்கு விசாரணைக்கு நீயும் வா. பெரியவருக்கு மூச்சு வாங்குதுன்னு பத்து மணிக்கே நீ என்கிட்ட வந்து சொன்ன. உன் வேலையப் பாருன்னு நான் சொன்னேன். ரெண்டையும் சொல்லு.”